தொண்ணூறு நாளா, முப்பத்தோர் ஆண்டா?

மயிலாப்பூரிலிருந்து அடையாறு நோக்கிச் செல்வோர் கிரீன்வேஸ் சாலையை அறிவர். அமைச்சர் பெருமக்கள் வாழும் இல்லங்கள். நிழல் பரப்பும் மரங்கள். காவலர் நிற்கும் வாயில்கள். அந்தச் சாலையிலே ‘மல்லிகை’ என்றொரு கட்டடம் 1991 ஆம் ஆண்டிலே நாடெங்கும் பெயர் பெற்றது. பெயரிலே மணம். உள்ளேயோ, மத்தியப் புலனாய்வுத் துறையின் சிறப்புக் குழு அமர்ந்து, அந்த ஆண்டு மே திங்கள் 21 ஆம் நாள் இரவு திருப்பெரும்புதூரிலே நடந்த படுகொலையைத் துருவிக்கொண்டிருந்தது. முன்னாள் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தியும், அவரைச் சூழ நின்ற காவலரும், கட்சித் தொண்டரும், கவிதை படித்துக் காட்ட வந்த ஒரு சிறுமியும் மனித வெடிகுண்டுக்கு இரையான இரவு அது. மாண்டோர் ஒரு டசனுக்கும் மேற்பட்டவர்.

மல்லிகையிலே எழுதப்பட்ட தாள்கள் பின்னர் குற்றப்பத்திரிகை ஆயின. தீர்ப்புகளுக்கு அடிப்படை ஆயின. இன்றோ அவை நூல்களாகவும் திரைத் தொடராகவும் வடிவெடுத்துள்ளன. பத்திரிகையாளர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். திரும்பிப் பார்ப்பது தவறா? இல்லை, தேவை. ஆனால், எங்கே நின்று பார்க்கிறார்கள்? எவர் தோள்மீது ஏறி நின்று பார்க்கிறார்கள்? இவற்றைக் கேட்காமல் அந்த ஏடுகளைப் படிப்பது பகுத்தறிவாளருக்கு அழகாகாது.

நாம் அந்த இரவுக்குப் பின்னர் பிறந்தவர்கள். பள்ளியிலே பாடம் சொல்லித் தருபவர்கள். வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “சார், ராஜீவைக் கொன்றவர்களை ஏன் விடுதலை செய்தார்கள்?” கேள்வி எளிது, உள்ளே முள் இருக்கிறது. ‘கொன்றவர்களை’ என்று அவன் எங்கே கற்றான்? கொன்றவள் அந்த இடத்திலேயே சிதறிப்போனாள். கொலையை முன்னின்று நடத்தியவன் என்று புலனாய்வுக் குழு சொல்லும் சிவராசன், மூன்று திங்களுக்குள் பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயிலே பிணமாகக் கிடந்தான். விடுதலை பெற்றவர்கள் சதிக்கு உடந்தை என்று தண்டிக்கப்பட்டவர்கள். இந்த வேறுபாட்டை அந்த மாணவனுக்குச் சொல்லித்தரும் நூல் எது? அவன் கையிலே எதைக் கொடுப்பது? அந்த நோக்கத்தோடுதான் இந்நூல்களை எடுத்துப் படித்தோம்.

கண்டதும் கேட்டதும்

முதலாவது, நீனா கோபால் 2016 இலே ஆங்கிலத்தில் எழுதிய நூல். வளைகுடா நாட்டு நாளேடு ஒன்றின் செய்தியாளராக அவர் அன்று வந்திருந்தார். ராஜீவ் காந்தி பயணம் செய்த வண்டியிலேயே அமர்ந்து, கூட்டத் திடலை அடையும்வரை அவரிடம் பேட்டி கண்டவர். அவர் இறங்கி நடந்த சில நிமிடங்களிலே குண்டு வெடித்தது. ஆகவே, அந்த இரவைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. கண்டவர் சொல்கிறார்; நாம் கேட்கிறோம். ஒரு பத்திரிகையாளரின் முதற்கடமை அங்கே நிறைவேறுகிறது.

ஆனால், நூல் திடலை விட்டு நகர்ந்து, டில்லிக்கும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்லும்போது, கண்டவர் மறைந்துவிடுகிறார், கேட்டவர் வருகிறார். யாரிடம் கேட்டவர்? பெரும்பாலும் உளவுத்துறையிலும் படையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றோரிடம். உளவுத்துறையின் தோல்விகளை நூலாசிரியர் மறைக்கவில்லை, அது பாராட்டத்தக்கதே. எனினும், அந்தத் தோல்வியை அளந்து சொல்பவரும் அதே துறையினர்தாம். பொருளை விற்றவனே எடையும் போடுவது போன்ற நிலை இது. எடை சரியாகவும் இருக்கலாம். ஆனால் தராசை ஒருமுறை நாமே தூக்கிப் பார்க்க வேண்டாமா?

இரண்டாவது, அநிருத்திய மித்ரா 2022 இலே வெளியிட்ட ‘தொண்ணூறு நாட்கள்’ என்னும் ஆங்கில நூல். அன்று ‘இந்தியா டுடே’ இதழின் செய்தியாளராக இருந்து, புலனாய்வுக் குழுவின் போக்கை மிக அருகிலே பின்தொடர்ந்தவர் அவர். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. இந்நூலை அடியொற்றி நாகேஷ் குகுநூர் இயக்கிய தொடர் 2025 இலே வெளிவந்து, நூலைப் படிக்காத இலட்சக்கணக்கானோரின் இல்லங்களுக்குள்ளும் புகுந்தது. தொடருக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘வேட்டை’!

அந்தச் சொல்லையே நாம் முதலிலே எடுத்துக்கொள்வோம். வேட்டை என்றால் என்ன? துரத்துவது, வளைப்பது, வீழ்த்துவது. விலங்கு விழுந்ததும் வேட்டை முடிந்தது. மே 21 இலே தொடங்கிய கதை, ஆகஸ்டு 20 இலே, கோணனகுண்டே வீட்டினுள் பிணங்கள் கிடக்க, நிறைவெய்துகிறது. படிப்பவர் பெருமூச்சு விடுகிறார்; பார்ப்பவர் விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போகிறார்.

ஆனால் நீதி அந்தத் தொண்ணூறு நாளிலா நடந்தது? நாட்காட்டியைத் திருப்புவோம். குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது 1992 மே திங்களிலே. ‘தடா’ என்னும் கொடுஞ்சட்டத்தின்கீழ், பூந்தமல்லியிலே, பொதுமக்கள் நுழைய முடியாத மன்றத்திலே வழக்கு நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று தீர்ப்பு வந்தது: கூண்டிலே நின்ற 26 பேருக்கும் தூக்கு! ஒருவர் தப்பவில்லை. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு வாழ்நாள் தண்டனை, எஞ்சிய 19 பேரும் கொலைச் சதியிலே குற்றவாளிகள் அல்லர். அவர்களிற் சிலர்மீது நின்ற சிறு குற்றங்களுக்கான தண்டனையும் சிறையிலே கழிந்த காலத்திலேயே தீர்ந்துவிட்டது.

எண்ணிப் பாருங்கள். பூந்தமல்லியிலே முறுக்கிய 26 கயிறுகளில் 22 ஐ உச்ச நீதிமன்றம் அறுத்தெறிந்தது. மிஞ்சிய நான்கும் பின்னர் அறுந்தன. நளினியின் தூக்கு 2000 இலே வாழ்நாள் தண்டனையாகக் குறைந்தது. முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய மூவரின் கருணை மனுக்களை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டதைச் சுட்டி, 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் தூக்கையும் நீக்கிற்று. 2022 மே 18 அன்று பேரறிவாளனும், நவம்பர் 11 அன்று மற்ற அறுவரும் விடுதலை பெற்றனர். ஏறத்தாழ முப்பத்தோர் ஆண்டு!

தொண்ணூறு நாளைத் தேர்ந்தெடுத்து, முப்பத்தோர் ஆண்டை விட்டுவிடுவது வெறும் கதையமைப்பு என்று கருதிவிட வேண்டாம். எங்கே கதையை நிறுத்துகிறோமோ, அங்கேதான் நாம் தீர்ப்பு எழுதுகிறோம். ஆகஸ்டு 20 இலே நிறுத்தினால் புலனாய்வுக் குழு வென்ற வீரர் படை. 1999 இலே நிறுத்தினால் அதே குழு, 19 பேரைக் கொலைச் சதிகாரர் என்று தூக்குமேடைவரை இழுத்துச் சென்று, நாட்டின் உயர்ந்த மன்றத்திலே மெய்ப்பிக்க முடியாமல் நின்ற குழு. இரண்டும் உண்மை. முதல் உண்மைக்கு நூல் இருக்கிறது, தொடர் இருக்கிறது. இரண்டாவது உண்மைக்கு என்ன இருக்கிறது?

படம் சொன்னதும் சொல்லாததும்

திருப்பெரும்புதூர்த் திடலிலே ஒரு புகைப்படக்காரரும் மாண்டார். அரிபாபு என்னும் இளைஞர். அவர் உடலருகே கிடந்த படப்பெட்டி உடையாமல் இருந்தது. அதனுள்ளே இருந்த பத்துப் படங்களே வழக்கின் வேர். மாலையோடு நிற்கும் பெண், வெள்ளையுடையிலே குறிப்பேட்டுடன் நிற்கும் ஆள், கூட்டத்திலே அமர்ந்திருக்கும் மற்றப் பெண்கள், இறுதியிலே வெடிப்பின் ஒளி. தன் சாவைத் தானே படம்பிடித்தவர் அவர். குண்டு வெடித்த திடலிலே அந்தப் பெட்டி மட்டும் தப்பியிராவிட்டால், மல்லிகையிலே அமர்ந்தோர் இருட்டிலே துழாவியிருப்பர்.

அப்படங்கள் எதை மெய்ப்பித்தன? யார் எங்கே நின்றார் என்பதை. அதை மறுக்க ஒருவராலும் இயலாது. ஆனால், அங்கே நின்றவர்களில் யார் எதை அறிந்திருந்தார்? அதைப் படம் காட்டுமா? மனத்தைப் பிடிக்கும் படப்பெட்டி இன்னும் வரவில்லை. அரிபாபுவே சதியை அறிந்தவரா, கூலிக்குப் படமெடுக்க வந்து உயிர் இழந்தவரா என்ற வாதம் அடங்கவில்லை. புலனாய்வுக் குழு ஒன்று சொன்னது. அவரை அறிந்தோர் வேறு சொன்னார்கள்.

இந்த இடத்திலேதான் வழக்கின் நடுமுடிச்சு இருக்கிறது. ‘இருந்தார்’ என்பதைப் படம் சொல்லும். ‘அறிந்தார்’ என்பதைச் சொல்ல வாக்குமூலம் வேண்டும். வாக்குமூலம் எங்கே கிடைத்தது? காவல் அதிகாரியிடம். நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தின்படி, காவலரிடம் அளித்த ஒப்புதல் மன்றத்திலே செல்லாது. வெள்ளைக்காரன் காலத்திலேயே அவன் எழுதிவைத்த விதி அது. காவல் நிலையத்தின் நான்கு சுவருக்குள் மனிதன் எதையும் ஒப்புக்கொள்வான் என்பதை அந்நியனும் அறிந்திருந்தான்! அந்த விதியைத் ‘தடா’ உடைத்தது. காவல் கண்காணிப்பாளரிடம் அளிக்கும் ஒப்புதல் செல்லும் என்றது.

இப்போது ஒரு விந்தையைக் காணுங்கள். 1999 தீர்ப்பிலே உச்ச நீதிமன்றம், இக்கொலை ‘தடா’ சட்டம் சொல்லும் பொருளிலே பயங்கரவாதச் செயல் அன்று எனத் தெளிவாகக் கூறி, அச்சட்டத்தின்கீழ் அளித்த தண்டனைகளை நீக்கிற்று. ஆனால், அச்சட்டத்தின் துணையால் பெற்ற ஒப்புதல்கள் மட்டும் செல்லும் என்றது. ஏணி செல்லாது, ஏணியேறிப் பறித்த கனி செல்லும்! சட்ட அறிஞர் இதற்கு விளக்கம் தரக்கூடும். நமக்கு வியப்பு என்னவெனில், திரும்பிப் பார்க்கும் ஏடுகள் ‘பயங்கரவாதத் தாக்குதல்’ என்று பக்கந்தோறும் எழுதுகின்றன. நாட்டின் உச்ச நீதிமன்றம் அச்சொல்லை ஆராய்ந்து என்ன சொன்னது என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கத் தயங்குகின்றன.

இரண்டு மின்கலங்கள்

பேரறிவாளனை 1991 ஜூன் 11 அன்று சென்னைப் பெரியார் திடலிலிருந்து அழைத்துச் சென்றனர். வயது 19. விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொல்லியே அழைத்துச் சென்றார்கள் என்று அவர் தாய் அற்புதம்மாள் ஊர் ஊராகச் சென்று சொல்லிவந்தார். அவர்மீது சாட்டிய குற்றத்தின் மையம் என்ன? ஒன்பது வோல்ட் மின்கலம் இரண்டு வாங்கிக் கொடுத்தார். அவை வெடிகுண்டுக்குப் பயன்பட்டன என்பது. பெட்டிக்கடையிலும் கிடைக்கும் மின்கலம் கொலைக்கருவி ஆவது எப்போது? இன்னதற்கு என்று அறிந்து வாங்கினால் மட்டும். ‘அறிந்து’ என்ற அந்த ஒரு சொல்லிலேதான் ஓர் இளைஞனின் கழுத்து தொங்கியது.

2013 இலே, அந்த வாக்குமூலத்தை எழுதிய காவல் கண்காணிப்பாளர் தியாகராஜன் வாய் திறந்தார். மின்கலம் எதற்கு என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதாகவும், அதைத் தாம் வாக்குமூலத்திலே எழுதாமல் விட்டதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். இருபத்திரண்டு ஆண்டுக்குப் பின்னர்! சிலப்பதிகாரத்தை வகுப்பிலே நடத்துகிறோம். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் கேட்டுக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், தவறு தெரிந்த அந்தக் கணமே அரியணையிலிருந்து வீழ்ந்து மாண்டான் என்று மாணவருக்குச் சொல்கிறோம். கடற்கரையிலே கண்ணகிக்குச் சிலையும் வைத்திருக்கிறோம். அந்தச் சிலை நிற்கும் நகரத்திலே, விடுபட்ட ஒரு வரி வெளிவர இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று. வெளிவந்த பின்னரும் சிறைக்கதவு திறக்க மேலும் ஒன்பது ஆண்டு.

அந்த ஒன்பது ஆண்டிலே நடந்ததையும் மறக்கலாகாது. 2018 செப்டம்பர் 9 அன்று தமிழக அமைச்சரவை எழுவரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகை ஆண்டுக்கணக்கில் வாய் திறக்கவில்லை. பின்னர்க் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டோம் என்றது. அமைச்சரவையின் அறிவுரைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் என்று 2022 இலே உச்ச நீதிமன்றம் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. மாநில உரிமை என்று நாம் மேடையிலே முழங்குவது காகிதச் சொல் அன்று. ஒரு மனிதனின் நாலாண்டுச் சிறைவாசம் அதிலே அடங்கியிருந்தது.

விடுதலைக்குப் பின்னரும் கதை முடியவில்லை. ஈழத்திலிருந்து வந்தவர்கள் திருச்சிச் சிறப்பு முகாமிலே அடைக்கப்பட்டனர். தாயைக் காண யாழ்ப்பாணம் செல்லக் காத்திருந்த சாந்தன், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலே கண் மூடினார். அந்த மருத்துவமனைக்கு அரசு சூட்டியிருக்கும் பெயர் ராஜீவ் காந்தி! எந்த நாடக ஆசிரியனும் இப்படி எழுதத் துணியான். இந்த இறுதிக் காட்சி ‘வேட்டை’யிலே இல்லை, இருக்கவும் முடியாது.

ஆணையங்களும் ஆட்சிகளும்

இனி, அரசியலுக்கு வருவோம். 1991 ஜனவரி 30 அன்று, ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்த நிலையிலும், தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21 அன்று தமிழகத்திலே தி.மு.க. ஆட்சி இல்லை, டில்லியின் நேரடி ஆட்சி. பாதுகாப்புக்குப் பொறுப்பு யார் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும். எனினும், அந்த இரவே தி.மு.க.வினரின் வீடுகளும் அலுவலகங்களும் தாக்கப்பட்டன, கொடிக்கம்பங்கள் சாய்க்கப்பட்டன. புலனாய்வுக் குழு அமையுமுன்னரே தெருவிலே தீர்ப்பு எழுதியாயிற்று. அடுத்து வந்த தேர்தலிலே 234 இடங்களில் தி.மு.க. இரண்டுக்குச் சுருங்கியது.

பாதுகாப்புக் குறைகளை ஆராய வர்மா ஆணையம். சதியை ஆராய ஜெயின் ஆணையம். ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை, நாடாளுமன்றத்திலே வைக்கப்படுமுன், 1997 நவம்பரிலே ‘இந்தியா டுடே’ இதழிலே வெளிவந்தது. தி.மு.க.வை அது குறைகூறுகிறது என்று காட்டிக் காங்கிரசு ஆதரவை விலக்கிற்று. குஜ்ரால் அமைச்சரவை கவிழ்ந்தது. ஏழாண்டு கழிந்தது. 2004 இலே அதே காங்கிரசும் அதே தி.மு.க.வும் ஓரணியிலே நின்று வென்று, ஒரே அமைச்சரவையிலே அமர்ந்தன. 1997 இலே இருந்த ‘சான்று’ 2004 இலே எங்கே போயிற்று? சான்று பொய்யென்றால் ஓர் ஆட்சியை ஏன் கவிழ்த்தார்கள்? மெய்யென்றால் ஏன் கைகுலுக்கினார்கள்? இந்தக் கேள்வி இரு கட்சிக்கும் உரியது. நமக்கு வேண்டியவர் என்பதற்காக ஒரு பக்கத்தை விலக்கி வைக்கமாட்டோம்.

அறிக்கையை முந்தி வெளியிட்டதைப் பத்திரிகைத் தொழிலின் வெற்றி என்பர். வெற்றிதான்! அதைக் கசியவிட்டவர் யார், எந்த நோக்கத்துக்காக, எந்த நாளைக் குறித்து? கருவியாகப் பயன்பட்டோமா என்று பத்திரிகையாளர் தம்மையே கேட்டுக்கொள்ளும் ஒரு பக்கம்தான், திரும்பிப் பார்க்கும் நூல்களிலே நாம் தேடி அலையும் பக்கம்.

ஜெயின் ஆணையம் சுட்டிய ஐயங்களைத் துருவ 1998 இலே பல்துறைக் கண்காணிப்பு முகமை ஒன்று அமைத்தனர். இருபத்து நான்கு ஆண்டு இருந்தது. 2022 இலே கலைக்கப்பட்டது. மூடிய உறைகளிலே அதன் அறிக்கைகள் நீதிமன்றம் போயின. மக்கள் மன்றத்துக்கு வரவில்லை. அந்த இடுப்பு வெடிகுண்டைச் செய்தவர் யார் என்பது வழக்கிலே நிறுவப்படவே இல்லை. மின்கலம் வாங்கியவர் முப்பதாண்டு சிறையிலிருந்தார். குண்டு செய்தவர் பெயரே தெரியாது! வழக்கின் தலைமை விசாரணை அதிகாரியாக இருந்த ரகோத்தமன் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூல் எழுதினார். முக்கியமான நிகழ்படம் ஒன்றை உளவுத்துறை தங்களிடம் தராமல் வைத்துக்கொண்டது என்று அவரே குற்றம் சாட்டினார். காவல்துறை அதிகாரி எழுப்பிய ஐயத்தைவிடப் பத்திரிகையாளரின் ஐயம் சிறியதாக இருப்பது முறைதானா?

நம் வீட்டுக் கண்ணாடி

பிறர் குறையைப் பேசிவிட்டு நம் குறையை மறைத்தால் நாமும் புராணம் பாடுவோர் ஆவோம். ஆகவே நம் பக்கத்தையும் பார்ப்போம்.

1982 மே 19 அன்று தியாகராய நகர்ப் பாண்டி பசாரிலே, மக்கள் நடமாட்டத்தின் நடுவே, பிரபாகரனும் உமாமகேசுவரனும் துப்பாக்கியால் மோதிக்கொண்டனர். 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கத்திலே பத்மநாபாவும் அவர் தோழர் பலரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். தமிழர் தமிழரைக் கொன்றனர். கொன்றவர் நகரைவிட்டுத் தப்பினர். அப்போது ஆட்சி நம்மவர் ஆட்சி. 1991 மே 7 அன்று நந்தனத்திலே வி.பி. சிங் பேசிய கூட்டத்திலே, மாலையிடும் ஒத்திகையை அந்தக் குழு நடத்திப் பார்த்தது என்று வழக்கிலே வந்தது. மேடையிலே இருந்தவர்கள் ஈழத்தமிழருக்காக நெஞ்சுருகியவர்கள்! அவர்களையே பலகையாக வைத்துக் கொலைக்குப் பயிற்சி பெற்றனர் என்றால், அந்த நட்புக்கு அவர்கள் அளித்த மதிப்பு அவ்வளவுதான். இதைச் சொல்ல நம் மேடைகள் கூசுகின்றன.

‘அமெரிக்க உளவுத்துறை செய்தது’, ‘இன்ன சாமியார் செய்தார்’ என்று ஆளுக்கொரு சதிக்கதை நம்மிடையே உலவுகிறது. சான்று கேட்டால் புன்னகை. கடவுள் இருப்பதற்குச் சான்று கேட்கும் நாம், சதிக்கதைக்கு மட்டும் சான்று கேட்கலாகாதா? புலிகளின் தலைவர் 2002 ஏப்ரலிலே கிளிநொச்சியிலே உலகப் பத்திரிகையாளர் முன்னிலையில் இக்கொலையைத் ‘துன்பியல் சம்பவம்’ என்றார். 2006 இலே அன்ரன் பாலசிங்கம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். செய்யாதவர் வருந்தும் முறையா அது? தண்டிக்கப்பட்டவர் அறிந்தாரா என்ற ஐயம் வேறு. இயக்கத்துக்கே தொடர்பில்லை என்று சாதிப்பது வேறு. முன்னதற்குச் சான்று உண்டு. பின்னது பக்தி.

மாண்ட காவலரைப் பற்றி நாம் எத்தனை கூட்டம் போட்டோம்? அவர்களும் தமிழ்த் தாய்மாரின் மக்களே. மாலையோடு வந்தவளைத் தடுக்க முயன்று, காயமுற்றுப் பிழைத்த பெண் காவலர், பின்னாளிலே விடுதலையை எதிர்த்துப் பேசினார். அவர் பேச்சை நாம் ஏற்கவில்லை. ஆனால் பேசும் உரிமை அவருக்கு முழுமையாக உண்டு. அவர் சொல்வதைக் கேட்காமல் எழுதும் எந்த வரலாறும் ஒற்றைக்கண் வரலாறே. 2011 ஆகஸ்டு 28 அன்று காஞ்சிபுரத்திலே தன்னைத் தீக்கிரையாக்கிக்கொண்ட செங்கொடியை நினைத்துக் கண்ணீர் விடுகிறோம். அந்தக் கண்ணீரோடு சொல்கிறோம்: உயிரை எரிப்பது வழியாகாது. தூக்கை நீக்கியது நெருப்பன்று. வழக்குரைஞர் வாதமும், ஒரு தாயின் ஓயாத நடையும், மக்கள் எழுத்துமே.

எப்படித் திரும்பிப் பார்ப்பது?

பத்திரிகையாளர் வேறு விதமாகத் திரும்பிப் பார்த்ததும் உண்டு. 1974 இலே இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரத்து மதுக்கடைகளிலே குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். அயர்லாந்துக்காரர் அறுவரைப் பிடித்தார்கள், ஒப்புதல் வாங்கினார்கள், வாழ்நாள் சிறையிலே தள்ளினார்கள். கிறிஸ் முல்லின் என்ற பத்திரிகையாளர் அந்த ஒப்புதலைச் சந்தேகித்தார். வரி வரியாகச் சோதித்தார். ஊர் சினந்தது, ஏடுகள் ஏசின. அவர் தளரவில்லை. தொலைக்காட்சியிலும் நூலிலும் எழுப்பிய கேள்விகள் மன்றத்தை எட்டின. பதினாறு ஆண்டு கழித்து, 1991 மார்ச் 14 அன்று, அறுவரும் குற்றமற்றோர் என விடுதலை பெற்றனர். உண்மைக் குற்றவாளி எவரும் அவ்வழக்கிலே இன்றுவரை தண்டனை பெறவில்லை.

ஆண்டைக் கவனியுங்கள். 1991! காவல் அதிகாரி எழுதிக்கொண்ட ஒப்புதலை நம்பலாகாது என்று இலண்டனிலே மன்றம் உணர்ந்த அதே ஆண்டிலே, அதற்கு மூன்று திங்கள் கழித்து, பெரியார் திடலிலிருந்து ஓர் இளைஞனை மல்லிகைக்கு அழைத்துச் சென்றனர்.

இரண்டு வழக்கும் ஒன்றே என்று நாம் சாதிக்கவில்லை. அங்கே அறுவர்மீதான குற்றத் தீர்ப்பு நம்பத்தக்கதன்று என்று சொல்லி மன்றம் அதை நீக்கிற்று. இங்கே மன்றம் அப்படிச் சொல்லவில்லை. விடுதலை அளித்ததே தவிர, குற்றத் தீர்ப்பை நீக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசுவது நம் தோழர்களிற் சிலர் செய்யும் பிழை. ஆனால் முறை ஒன்றே. முல்லின் காவலரின் குறிப்பேட்டைச் சோதனைக்குரிய பொருளாக எடுத்தார். நம் நூலாசிரியர்கள் அதைக் கதைக்குரிய கருவாக எடுத்தனர்.

ஆகவே, நாம் கேட்கும் நூல் எது? நீனா கோபாலின் கண் அதிலே இருக்கட்டும். மித்ராவின் விரைவும் இருக்கட்டும். ஆனால் அது 1991 ஆகஸ்டிலே முடியலாகாது. 26 பேரில் 19 பேர் ஏன் கூண்டேறினர், ஏறத்தாழ எட்டாண்டு யார் பொறுப்பிலே சிறை கிடந்தனர் என்பதை அது சொல்லவேண்டும். மூடிய உறைகளை யார் மூடினார் என்று கேட்கவேண்டும். மாண்ட காவலர் வீட்டுக்கும் செல்லவேண்டும். சோலையார்பேட்டைத் தாயின் வீட்டுக்கும் செல்லவேண்டும். அகதி என்பதால் வாடகைக்கு வீடு கிடைக்காமல் சென்னைத் தெருக்களிலே அலைந்த குடும்பத்தையும் கேட்கவேண்டும். அதைத் தமிழிலே எழுதவேண்டும். ஏனெனில் இந்தப் பழியைச் சுமந்ததும் இந்தப் பிணங்களைப் புதைத்ததும் தமிழ் மண்ணே.

அந்த நூல் வரும்வரை, மாணவனுக்கு என்ன விடை சொல்வது? நாம் சொன்னதையே இங்கே எழுதுகிறோம்: “தம்பி, உன் கேள்வியை இரண்டாகப் பிரி. கொன்றது யார் என்பது ஒரு கேள்வி. விடுதலை பெற்றவர் எதை அறிந்திருந்தார் என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்கு ஓரளவு விடை உண்டு. இரண்டாவதற்கு விடை எழுதியவரே, ஒரு வரியை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டார்.”

அவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு, “அப்படியென்றால் விட்டுப்போன வரிகள் இன்னும் இருக்குமா, சார்?” என்றான்.

அதைத்தான் பத்திரிகையாளர் கேட்டிருக்க வேண்டும்.